காதுவில்லையும் கணிப்பொறியும்

பொருள்வழித் தரவுத்தளங்களில் வகையும் அடையாளமும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவி, கணிப்பொறி அறிவியல் துறை)

முன்னுரை

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் 'செல்வம்' என்றும் ஒரு பொருள் உண்டு. மூல வைகைக் கரையில் உள்ள எங்கள் மயிலாடும்பாறையில் இதை அகராதி பார்த்து அறிய வேண்டியதில்லை. மழை பொய்த்து மானாவாரி நிலம் தரிசாய்க் கிடக்கும் ஆண்டுகளிலும் பல வீடுகளில் அடுப்பு எரிவது தொழுவத்தில் நிற்கும் ஒன்றிரண்டு மாடுகளால்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் பால் பணத்திலிருந்து வந்தவையே.

கணிப்பொறி பயிலும் மாணவி மாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் வியக்கலாம். இவ்வாண்டு நாம் பயிலும் தரவுத்தளப் பாடத்தின் இறுதியில் 'பொருள்வழித் தரவுத்தளம்' என்றொரு பகுதி வருகிறது. ஆங்கிலத்தில் 'ஆப்ஜெக்ட்' என வழங்குவதையே இங்கே 'பொருள்' என்கிறோம். வகை, வகுப்பு, மரபுரிமை, அடையாளம் என்று சொற்கள் அடுக்கடுக்காய் வருவதால், தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும் என்று நம்மில் பலர் அதை ஒதுக்கிவிடுகிறோம். நானும் அவ்வாறுதான் ஒதுக்கியிருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் தொழுவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அப்பாடத்தை எனக்கு வேறு விதமாகக் கற்பித்தது. அதை உரிய இடத்தில் கூறுவேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

பட்டியலும் அதன் எல்லையும்

செய்திகளைக் கட்டம் கட்டமாக எழுதிவைப்பது புதிய வழக்கமன்று. கிராமக் கணக்கும் பால் சங்கத்துப் பதிவேடும் கட்டங்களால் ஆனவையே. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் கணித அறிஞர், எந்தச் செய்தித் தொகுதியையும் இத்தகைய பட்டியல்களாக அமைத்துக் கணித முறைப்படி வினவலாம் என்று ஒரு கட்டுரையில் காட்டினார். அதுவே உறவுமுறைத் தரவுத்தளத்தின் பிறப்பு. இன்று வங்கி முதல் இரயில் முன்பதிவு வரை பெரும்பாலானவை இம்முறையில்தான் இயங்குகின்றன. அதன் எளிமைதான் அதன் வலிமை.

ஆனால் நம் ஊர்க் கால்நடைகளை ஒரே பட்டியலில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஓர் உருப்படி. ஒவ்வொரு கட்டமும் ஒரு செய்தி. 'கடைசியாக ஈன்ற நாள்' என்றொரு கட்டம் வைக்கிறோம். பசுவுக்கு அதில் ஒரு தேதி வரும். காளைக்கு என்ன எழுதுவது? வெறுமையாக விடுவோம். இன்னும் ஈனாத கிடாரிக்கு? அதுவும் வெறுமை. சந்தையில் வாங்கி வந்த பசு, எப்போது ஈன்றதென்று விற்றவர் சொல்லவில்லை, அதற்கும் வெறுமை. 'பொருந்தாது', 'இன்னும் இல்லை', 'தெரியாது' என்னும் மூன்று வேறுபட்ட உண்மைகள் ஒரே வெற்றிடமாகிவிட்டன! பின்னால் வந்து அந்தப் பட்டியலைப் படிக்கும் ஒருவர் எது எதுவென்று எங்ஙனம் அறிவார்?

பட்டியல்முறை அறிஞர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். காளைக்கு ஒன்று, பசுவுக்கு ஒன்று, ஈற்றுக்கு ஒன்று எனப் பட்டியல்களைப் பிரித்து இணைப்பார்கள். அது சரியான வழியே. எனினும், தொழுவத்தில் ஒன்றாக நிற்கும் ஒரு மாடு கணிப்பொறிக்குள் நான்கு பட்டியல்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அத்துண்டுகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். நிரல் எழுதும் மொழியில் மாடு முழுதாக நிற்க, சேமிக்கும் இடத்தில் அது பிரிந்து கிடப்பதால் நிரலருக்கு இரட்டை வேலையாகிறது.

பொருள்வழி எண்ணத்தின் வரலாறு

இதற்கு மாற்றான எண்ணம் நார்வே நாட்டில் தோன்றியது. ஆஸ்லோவில் இருந்த நார்வேக் கணிப்பு மையத்தில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் 'சிமுலா 67' என்ற மொழியை உருவாக்கினர். ஒரு பொருளைப் பற்றிய செய்திகளையும் அப்பொருள் செய்யக்கூடிய செயல்களையும் ஒரே கட்டாகக் கட்டிவைப்பது அதன் புதுமை. அத்தகைய பொருள்களுக்கான வார்ப்பு 'வகுப்பு' எனப்பட்டது. 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பிறந்த 'ஸ்மால்டாக்' மொழி இவ்வெண்ணத்தை மேலும் வளர்த்தது.

நிரலில் இவ்வளவு இயல்பாக இருக்கும் பொருளை, அணைத்தால் மறைந்துபோகாமல் அப்படியே சேமிக்க முடியாதா என்ற கேள்வி 1980களில் எழுந்தது. ஸ்மால்டாக்கை அடியாகக் கொண்ட 'ஜெம்ஸ்டோன்', டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் உருவான 'ஆரியான்', பிரான்சில் உருவான 'ஓ-டூ' முதலியன அதற்கு வந்த விடைகள். ஆளுக்கொரு விதமாக அமைத்ததால், எதைத்தான் பொருள்வழித் தரவுத்தளம் என்பது என்ற குழப்பம் நேர்ந்தது. 1989இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் கூடிய மாநாட்டில் மால்கம் அட்கின்சன் முதலிய அறுவர் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் 13 கட்டாய இயல்புகள் கூறப்பட்டன. நிலைத்திருத்தல், பழுதிலிருந்து மீளுதல் போன்ற ஐந்து, தரவுத்தளம் எதற்கும் உரியவை. மற்ற எட்டும் பொருள்வழிக்கே உரியவை. அந்த எட்டில் வகை, மரபுரிமை, அடையாளம் ஆகிய மூன்றையும், அவற்றோடு ஒட்டி வரும் பின்பிணைப்பையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வகையும் வழுவும்

வகை என்றால் என்ன? ஒரு பொருளிடம் எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கக்கூடாது என்பதைப் பற்றிய ஒப்பந்தமே வகை. 'எண்' என்ற வகையைக் கூட்டலாம், கழிக்கலாம். 'தேதி' என்ற வகையில் இரண்டைக் கழிக்கலாம், இடைப்பட்ட நாள்கள் கிடைக்கும். ஆனால் இரண்டு தேதிகளைக் கூட்டினால் பொருளில்லை. அவ்வாறு கூட்ட முயன்றால் தடுப்பதே வகைச் சரிபார்ப்பு. சில மொழிகளில் இச்சோதனை நிரலை மொழிமாற்றும்போதே நடந்துவிடும். சிலவற்றில் நிரல் ஓடும்போதுதான் நடக்கும். முன்னது வாசலிலேயே நிறுத்தும் காவல். பின்னது வீட்டுக்குள் வந்தபின் பிடிக்கும் காவல்.

தமிழ் பயின்ற நமக்கு இது புதிதன்று. சொற்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்தது தொல்காப்பியம். 'அவன் வந்தது' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். எழுவாய் உயர்திணை ஆண்பால்; பயனிலை அஃறிணை ஒன்றன்பால். இரண்டும் பொருந்தாமையால் அது வழு. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுக்கிறது. 'ஆட்டுக்கன்று' என்று சொன்னால் அது மரபு வழு. ஆட்டுக்குக் குட்டிதான், பசுவுக்குத்தான் கன்று. இவற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இலக்கணம் வாக்கியத்தைச் சோதிப்பதும் கணிப்பொறி நிரலைச் சோதிப்பதும் ஒரே வகைப்பட்ட வேலை. பொருளின் வகையை முன்கூட்டி அறிந்துகொண்டு, அதனோடு ஒட்டாத சொல்லைத் தடுப்பதே இரண்டின் நோக்கமும்.

நம் இலக்கணம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. காரணத்தோடு செய்த வழுவை அது 'வழுவமைதி' என்று ஏற்றுக்கொள்கிறது. மேய்ச்சல் முடிந்து பசு திரும்பும்போது என் தாயார் "வந்துட்டா பாரு மகராசி" என்பார். அஃறிணையை உயர்திணையாக்கிய இது, உவகையால் வந்த திணை வழுவமைதி. கணிப்பொறி மொழிகளிலும் ஒரு வகைப் பொருளை வேறொரு வகையாகக் கொள்க என்று நிரலர் வெளிப்படையாக ஆணையிட இடமுண்டு. ஆனால் அதற்குப் பொறுப்பு அவருடையதே. அறியாமல் செய்தால் வழு. அறிந்து பொறுப்பேற்றுச் செய்தால் அமைதி.

மரபுரிமை

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவினால் ஆறாக அடுக்குகிறது. தொடுவுணர்வு மட்டும் உடையவை புல்லும் மரமும்; அவை ஓரறிவுயிர். அதனோடு சுவை சேர்ந்தால் நத்தை போன்ற ஈரறிவுயிர். மோப்பம் சேர்ந்தால் எறும்பு போன்ற மூவறிவுயிர். பார்வை சேர்ந்தால் நண்டு, வண்டு போன்ற நாலறிவுயிர். செவி சேர்ந்தால் விலங்குகள். மனம் சேர்ந்தால் மனிதர். இன்றைய உயிரியல் இப்பகுப்பை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பகுத்த முறையைப் பாருங்கள்! ஒவ்வொரு படியும் முந்தைய படிக்குரிய அனைத்தையும் பெற்றுக்கொண்டு, தனக்கென ஒன்றை மட்டும் கூட்டுகிறது. முன்னதைத் திரும்ப எழுதவில்லை. பொருள்வழி முறையில் 'மரபுரிமை' எனப்படுவது இதுவே.

நம் தொழுவத்தை இம்முறையில் வரைவோம்.

வகுப்பு: கால்நடை
பிறந்த நாள் — தேதி
பால் — ஆண் அல்லது பெண்
தாய் — கால்நடை
உரிமையாளர் — ஆள்
சினை பிடித்த நாள் — தேதி
செயல்கள் — வயது, ஈனும் நாள்

இதில் 'தாய்' என்ற இடத்தைக் கவனியுங்கள். அங்கே ஒரு பெயரோ எண்ணோ இல்லை. இன்னொரு கால்நடையே இருக்கிறது. ஆகவே 'இந்தக் கிடாரியின் தாயின் தாய் யார்?' என்று கேட்டால், பட்டியல்களை இணைக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடலாம். வழிவழியாகப் பால்வளம் பார்த்துக் கன்று தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது இன்றியமையாத கேள்வி.

இனிப் பசு, எருமை, ஆடு என்னும் மூன்று வகுப்புகளை இதன்கீழ் அமைக்கிறோம். மேலே உள்ளவை யாவும் அவற்றுக்குத் தாமே வந்துவிடும். ஆனால் 'ஈனும் நாள்' என்ற செயல் மூன்றுக்கும் ஒன்றன்று. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். எருமைக்கு ஏறத்தாழ 310. ஆட்டுக்கு ஏறத்தாழ 150. எனவே ஒவ்வொரு வகுப்பும் அச்செயலைத் தனக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்கிறது. நாம் தொழுவத்தில் உள்ள சினைப் பெண் உருப்படிகள் எல்லாவற்றையும் பார்த்து 'எப்போது ஈனுவாய்?' என்று ஒரே கேள்வியைக் கேட்கிறோம். பசு தன் கணக்கிலும் ஆடு தன் கணக்கிலும் விடை கூறுகின்றன. கேட்பவர் இனம் பிரித்துக் கேட்க வேண்டியதில்லை. எந்தக் கணக்கைப் பயன்படுத்துவது என்பது கேட்கும் நொடியில் முடிவாவதால் இதைப் 'பின்பிணைப்பு' எனலாம். நாளை ஒருவர் குதிரை வாங்கி வந்தால் குதிரைக்கு ஒரு வகுப்பைச் சேர்த்தால் போதும். பழைய நிரலைத் தொட வேண்டியதில்லை.

கிடாரி பசுவாகும்போது

இங்கே ஓர் எச்சரிக்கை. மரபுரிமையைக் கற்றதும் எல்லாவற்றையும் வகுப்பாக்கிவிடும் ஆசை வருகிறது. நான் முதலில் வரைந்த படத்தில் கன்று, கிடாரி, கறவைப் பசு, சினைப் பசு, வற்றுமாடு என ஐந்து வகுப்புகள் இருந்தன. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கிடாரி முதல் ஈற்று ஈன்ற அன்று என்ன ஆகும்? 'கிடாரி' வகுப்புப் பொருளை அழித்துவிட்டுப் 'பசு' வகுப்பில் புதிய பொருளை ஆக்க வேண்டும். பெரும்பாலான பொருள்வழி மொழிகளில் ஒரு பொருள் பிறக்கும்போது பெற்ற வகுப்பை இறுதிவரை மாற்ற முடியாது. அழித்து ஆக்கினால் அதன் தடுப்பூசிக் குறிப்பும் தாய் வழியும் அறுந்துபோகும். காலையில் கிடாரியாக இருந்து மாலையில் பசுவானாலும் தொழுவத்தில் நிற்பது ஒரே மாடுதான்!

இதற்கும் மரபியலில் ஒரு நல்ல குறிப்பு இருக்கிறது. அங்கே கன்று, குட்டி, குருளை, பறழ், மறி முதலிய ஒன்பது இளமைப் பெயர்கள் ஒரு வரிசையாகவும், ஏறு, களிறு, சேவல் போன்ற ஆண்பாற் பெயர்கள் இன்னொரு வரிசையாகவும், பிடி, பேடை போன்ற பெண்பாற் பெயர்கள் வேறொரு வரிசையாகவும் உள்ளன. அறிவினால் ஆன ஆறு படிகள் தனியே நிற்கின்றன. அறிவின்படி மாறாதது, இளமை கழிந்து போவது. இரண்டையும் ஒரே ஏணியில் ஏற்றவில்லை.

ஆகவே நாம் கொள்ள வேண்டிய விதி இது: பிறப்பு முதல் இறப்பு வரை மாறாததை வகையாக்குக, காலத்தால் மாறுவதை நிலையாக வைக்குக. பசு என்பது வகை. கன்று, கிடாரி, சினை, கறவை, வற்று என்பன நிலைகள். என் படத்தை அழித்து இவ்வாறு திருத்தியபோது ஐந்து வகுப்புகள் ஒன்றாயின, வெற்றிடங்களும் குறைந்தன.

எதைப் பொருளாகக் கொள்வது என்பதும் நம் கேள்வியைப் பொறுத்ததே. பால் சங்கத்துப் பதிவேட்டில் உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு ஆகியவை இருக்கும். மாட்டின் பெயர் இராது. இரண்டு மாட்டுப் பாலும் ஒரே கேனில் சேர்ந்தபின் எது எவள் பால் என்று யார் அறிவார்? சங்கத்துக்கு உறுப்பினரே பொருள். கால்நடை மருத்துவருக்கு மாடே பொருள். இரண்டும் சரியே, ஒன்றின் கேள்விக்கு மற்றொன்றில் விடை தேடுவதே தவறு.

அடையாளம்

இனி, நான் சொல்லக் கருதிய முதன்மைச் செய்திக்கு வருகிறேன்.

நம் நாட்டில் மாடு, எருமைகளின் காதில் மஞ்சள் வில்லை பொருத்துவதை அனைவரும் கண்டிருப்போம். அதில் 12 இலக்க எண் ஒன்று உண்டு. குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் 'இனாஃப்' என்ற கணிப்பொறி வலையமைப்பை உருவாக்கி, இவ்வெண்ணின்கீழ் சினை ஊசி, ஈற்று, பால் அளவு, மருத்துவம் ஆகியவற்றைப் பதியச் செய்தது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் கோமாரித் தடுப்பூசியோடு இவ்வில்லையும் ஊர்தோறும் பரவியது. பின்னர் 'பாரத் பசுதன்' என்ற தளம் இப்பணியை ஏற்றது. கால்நடைக் காப்பீட்டிலும் மாட்டை அடையாளம் காண்பது இவ்வில்லையைக் கொண்டே.

எங்கள் வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. என் தாயார் கன்றாக வாங்கி வளர்த்தது. ஐந்து ஈற்று ஈன்றது. சென்ற ஆண்டு பின்வேலி முள்ளில் காது சிக்கிக் கிழிந்து, வில்லை கீழே விழுந்துவிட்டது. தாயார் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தார். வில்லையை எடுத்துத் துடைத்துச் சுவர் மாடத்தில் பத்திரமாக வைத்தவள் நான். அது போதும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு வயிறு உப்பிப் பசு இறந்துபோயிற்று. காப்பீடு இருந்தது, பணமும் தவறாமல் கட்டியிருந்தோம். பார்வையிட வந்தவர் காதைப் பார்த்தார். நான் மாடத்திலிருந்து வில்லையை எடுத்து நீட்டினேன். "வில்லை மாட்டின் காதில் இருக்க வேண்டும் அம்மா, கையில் இருந்தால் இது எந்த மாடு என்று நான் எப்படி எழுதுவேன்?" என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

அவர் கூறியதில் தவறில்லை. வில்லை விழுந்த அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லி வேறு வில்லை பொருத்தி, காப்பீடு செய்தவர்களுக்கும் எழுதியிருக்க வேண்டும். கணிப்பொறி படிக்கும் நான் அதைச் செய்யவில்லை. அன்று என் தாயார் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "அஞ்சு ஈத்து என் கையில ஈன்ட மாட்டை எனக்குத் தெரியாதாம். காதுல தொங்குன பிளாஸ்டிக்குக்குத்தான் தெரியுமாம்!"

சில வாரங்கள் கழித்துப் பேராசிரியர் வகுப்பில் 'பொருள் அடையாளம்' என்ற தலைப்பை எடுத்தார். 1986ஆம் ஆண்டில் கோஷாஃபியன், கோப்லேண்ட் என்னும் இருவர் எழுதிய கட்டுரையின் கருத்தை விளக்கினார். பட்டியல்முறையில் ஒரு வரியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய, அதில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு மதிப்பையே சாவியாகக் கொள்வது வழக்கம். மதிப்பு மாறினால் சாவி மாறும். சாவி மாறினால் வேறு பொருளாகிவிடும். பொருள்வழி முறையிலோ ஒவ்வொரு பொருளுக்கும் அமைப்பே உள்ளுக்குள் ஓர் அடையாளத்தை அளிக்கிறது. பெயர் மாறலாம், நிறம் மாறலாம், உரிமையாளர் மாறலாம், அடையாளம் மாறாது. எல்லா மதிப்புகளும் ஒத்த இரண்டு பொருள்கள் இருந்தாலும் அவை இரண்டே. 'ஒத்திருப்பது' வேறு, 'ஒன்றாயிருப்பது' வேறு.

அன்றுதான் எனக்கு விளங்கியது. வில்லை எண்ணே மாடு என்று அமைத்தால், வில்லை விழுந்த நொடியில் கணிப்பொறிக்கு மாடு தொலைந்துவிடும். புது வில்லை பொருத்தினால் அது புது மாடாகப் பிறக்கும். வில்லை எண்ணை மாட்டின் பண்புகளில் ஒன்றாக வைத்து, அதையும் ஒற்றை எண்ணாக அல்லாமல் தேதியோடு கூடிய வரிசையாக வைத்தால், 'இந்நாள் முதல் இந்நாள் வரை இந்த எண், பிறகு அந்த எண்' என்று வரலாறு அறாமல் நிற்கும். என் படத்தில் 'காதுவில்லைகள்' என்றொரு வரியை அன்றே சேர்த்தேன். வில்லை மாட்டின் அடையாளம் அன்று. அடையாளத்தை நோக்கிக் கைகாட்டும் மரம் மட்டுமே.

ஆனால் பாடத்தின் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமைப்பு அளிக்கும் அடையாளம் கணிப்பொறிக்கு உள்ளே மட்டும் செல்லும். உள்ளே இருக்கும் அப்பொருளையும் வெளியே தொழுவத்தில் நிற்கும் மாட்டையும் இணைக்கும் கண்ணி எந்தத் தரவுத்தளத்திலும் தானாக அமையாது. அதை வில்லை இணைக்கிறது. வில்லை அறுந்தால் மனிதர்தாம் இணைக்க வேண்டும். கிடை போடுபவர் நூறு மாடுகளைக் கொம்பாலும் சுழியாலும் நடையாலும் பிரித்தறிகிறார். என் தாயாரும் அவ்வாறே அறிந்திருந்தார். அந்த அறிவைக் கணிப்பொறி ஏற்கும் வடிவில், உரிய நாளில் எழுதித் தருவது அவரால் ஆகாத வேலை, என்னால் ஆகக்கூடியது. நான் கற்றது அதற்குத்தானே!

இன்றைய நிலை

பொருள்வழித் தரவுத்தளங்கள் பட்டியல்முறையை வென்றுவிடும் என்று 1990களின் தொடக்கத்தில் பலர் எதிர்பார்த்தனர். 1993இல் அவற்றுக்கென ஒரு பொதுத் தரமும் வெளியிடப்பட்டது. ஆனால் 2001இல் அத்தரத்தை வகுத்த குழு கலைந்தது. பட்டியல்முறை தோற்கவில்லை, பொருள்வழியின் நல்ல கூறுகளைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. 1999ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரம், பயனரே வகைகளை வரையறுக்க இடம் தந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வின் வழிவந்த 'போஸ்ட்கிரெஸ்' தளத்தில் ஒரு பட்டியல் மற்றொரு பட்டியலின் மரபுரிமையைப் பெறலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் அதனை நம் ஆய்வகக் கணிப்பொறிகளிலேயே நிறுவிப் பார்க்கலாம். நிரலில் உள்ள பொருளையும் பட்டியலில் உள்ள வரியையும் இணைக்கும் இடைநிரல்களும் இன்று பரவலாக உள்ளன. எனவே இப்பாடம் பழங்கதையன்று. வேறு பெயரில் நாளும் புழங்குவது.

முடிவுரை

எங்கள் தொழுவத்தில் இப்போது ஒரு கிடாரி நிற்கிறது. அது அந்தச் செவலையின் ஐந்தாம் ஈற்று. அதன் பதிவில் 'தாய்' என்ற இடத்தில், மாடத்தில் கிடக்கும் வில்லையின் 12 இலக்க எண் இருக்கிறது. பொருள்வழித் தரவுத்தளங்கள் சிலவற்றில் ஒரு விதி உண்டு: யாராவது ஒருவர் சுட்டும் வரை ஒரு பொருள் அழிக்கப்படுவதில்லை. இறந்த மாட்டை நீக்கிவிடாமல், அதன் நிலையை மட்டும் 'இறந்தது' என மாற்றி வைப்பதே முறை. இல்லையேல் மகள் சுட்டும் இடத்தில் தாய் இருக்க மாட்டாள். என் தாயாரிடம் இதைச் சொன்னேன். "சரி, இவ காதையாவது ஒழுங்கா பாத்துக்க" என்றார்.

ஆகவே, கால்நடை உள்ள வீட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் ஊர் செல்லும்போது தொழுவத்தில் உள்ள உருப்படிகளின் காதைப் பாருங்கள். எண்களை ஒரு தாளில் குறித்து, தாய், பிறந்த மாதம், நிறம், சுழி ஆகியவற்றோடு எழுதிவையுங்கள். வில்லை விழுந்திருந்தால் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். காப்பீடு இருந்தால் அங்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தாளே நீங்கள் அமைக்கும் முதல் தரவு மாதிரியாகும். மாறாதது எது, மாறுவது எது, அடையாளம் எது என்னும் மூன்று கேள்விகளையும் அத்தாளில் கேட்டுப் பாருங்கள். தேர்வில் வரும் வினாவுக்கும் விடை அங்கேயே கிடைக்கும்.